செவ்வாய்க்கு ஒரு கீறல்

என் மகள் மகிழ் செவ்வாய்க் கிரகத்தைக் கரும்பச்சையில் தீட்டிய அன்று அவளுக்கு ஐந்து வயதும் பத்து மாதமும். செவ்வாயிலேயே பிறந்தவள். அந்தச் சிவப்பு மண்ணைத் தினமும் ஜன்னல் வழியே பார்த்து வளர்ந்தவள். தன் வீட்டு வாசலின் நிறத்தையே தப்பாகத் தீட்டிவிட்டு, "முடிச்சிட்டேன் மிஸ்" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். வகுப்பில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

என் பெயர் பொற்செல்வி. செவ்வாய் தோஷம் என்று சொல்லி எனக்கு மூன்று வரன் தட்டிப்போனது. நான்காவதாக வந்த தங்கவேல், "தோஷத்தை நேர்லயே போய்ப் பாத்துட்டு வரலாம் வாங்க" என்று சிரித்தார். தண்ணீர் சுத்திகரிப்பு வேலைக்கு ஒப்பந்தம் போட்டு என்னையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். திரும்பிப் போகிற பேச்சு ஒப்பந்தத்தில் கிடையாது. முகாம் ஏழின் ஒரே பள்ளிக்கூடத்துக்கு நான்தான் ஆசிரியை, தலைமையாசிரியை, மணி அடிக்கிறவள் எல்லாம். பள்ளிக்கூடம் என்றால் ஓர் அறை. முகாம் முழுக்கத் தரைக்கு அடியில் இருக்க, இந்த ஓர் அறை மட்டும் மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். முகாமிலேயே ஜன்னல் உள்ள அறை அதுதான். குழந்தைகளாவது வெளியே பார்க்கட்டும் என்று எந்தப் புண்ணியவானோ நினைத்திருக்கிறார்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை வண்ணம் தீட்டும் நாள். எட்டு முகாம்களையும் நடத்துகிற மையத்திலிருந்து வரும் தாளில் சூரியனும் எட்டுக் கோள்களும் கோட்டுப் படமாக வரிசையில் நிற்கும். கூடவே ஆளுக்கு ஒரு கிரேயான் பெட்டி. உள்ளே பன்னிரண்டு கிரேயான்கள், எதிலும் நிறத்தின் பெயர் இருக்காது. சூரியன் மஞ்சள், புதன் சாம்பல், வெள்ளி சந்தனம், பூமி நீலமும் பச்சையும், செவ்வாய் சிவப்பு என்று நெப்டியூன்வரை நான் ஒருமுறை சொல்லலாம். கிரேயானை எடுத்துக் கொடுக்கக் கூடாது. தீட்டிய தாள்களை ஸ்கேன் செய்து அன்றைக்கே மையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். விதி அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று யாரும் சொல்லவில்லை.

சொல்லாவிட்டால் என்ன, எங்களுக்கே தெரிந்துவிட்டது. முதலில் ஷெரின் வியாழனுக்குப் பச்சைப் பட்டை போட்டாள். ஒன்பதாம் நாள் மையத்திலிருந்து வண்டி வந்தது. அம்மா இல்லாத பிள்ளை அது. அப்பா ஜெபராஜ், தூத்துக்குடிக்காரர், சுரங்கத் துளைப்பான் ஓட்டுகிறவர். "ஒரு பரிசோதனைக்குத்தான்" என்று கூட்டிப் போனார்கள். நான்கு நாள் பயணம். அதற்கு அடுத்த மாதமும் வண்டி வந்து, நிறம் தப்பிய இரண்டு பேரைக் கூட்டிப் போனது. ஒருவரும் திரும்பவில்லை. முகாம் அலுவலகத்தில் கேட்டால், 'சிகிச்சையில் உள்ளார், நிலை சீராக உள்ளது' என்று ஒரு வரி வரும். ஒவ்வொரு மாதமும் எழுத்து மாறாமல் அதே வரி. ஜெபராஜ் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

பழுதான பிள்ளைகளை எடுத்துவிடுகிறார்கள் என்று சமையல்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். காற்றையும் தண்ணீரையும் அளந்து கொடுக்கிற ஊரில் அப்படியொரு பேச்சை நம்புவதற்கு அதிக நேரம் பிடிக்காது. நானும் நம்பினேன்.

இந்த நிலையில்தான் மகிழ் கரும்பச்சைச் செவ்வாயோடு கையைத் தூக்கினாள். மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மிச்சம் இருந்த ஒரு தாளை அவள் முன்னால் வைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, சிவப்புக் கிரேயானை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

"இதுதான் முன்னாடியும் எடுத்தேன்," என்றாள் மகிழ்.

"இல்ல சாமி. அது வேற."

அவள் இரண்டு கிரேயான்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, நீ சும்மாதான சொல்ற?"

பழைய தாளை நான்காகக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். புதிய தாள் மையத்துக்குப் போனது. அடுத்த வாரம் வண்டி வரவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னது ஜெபராஜிடம் மட்டும்தான். தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டவள் அவரிடம் போய் அழுதேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருக்கலாம்.

"நல்ல காரியம் செஞ்சிய டீச்சர்," என்றார். "எம் புள்ளைக்கு ஒருத்தரும் இதச் செய்யல. இனி இங்கேருந்து ஒரு புள்ளகூடப் போவக் கூடாது. விட்றாதிய."

"மத்த பிள்ளைங்களுக்கும் இப்படி ஆச்சுன்னா? எல்லாரு கையையும் நான் புடிச்சிட்டு இருக்க முடியுங்களா?"

அவர் இரண்டு நாள் கழித்துத் துளைப்பான் அலகில் உடைந்த துண்டைத் தேய்த்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கத்தி கொண்டுவந்து கொடுத்தார். "அடியில ஒரு கீறல் போடுங்க. கண்ணு பொய் சொன்னாலும் வெரல் சொல்லும்லா," என்றார்.

நான் நாமக்கல் பக்கத்தில் விடுதிப் பள்ளியில் படித்தவள். கேள்வித்தாளுக்கு முன்னால் விடை தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் நான் பன்னிரண்டு வருடம் படித்த படிப்பு. புரிந்ததா என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை, எத்தனை மார்க் என்றுதான் கேட்பார்கள். அந்த வித்தையை முழுசாக இங்கே இறக்கினேன். சிவப்புக்கு ஒரு கீறல். பச்சைக்கு இரண்டு. பழுப்புக்கு மூன்று. ஆரஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு. ஒவ்வொரு பெட்டியாக ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து கீறிவைப்பேன். வகுப்பில் பாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்தேன். "செவ்வாய்க்கு?" என்று கேட்டால் "ஒரு கீறல்!" என்று பதினோரு குரலும் ஒன்றாக வரும். பூமிக்கு, கீறல் இல்லாத நீலமும் இரண்டு கீறலும். நீலமும் மஞ்சளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்றாகத் தெரிந்தன, அதனால் அவற்றுக்குக் கீறல் தேவைப்படவில்லை.

பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சூரியக் குடும்பத்தையே தீட்டுவார்கள். கோட்டுக்கு வெளியே ஒரு இழை போகாது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறு மாதம் போனதும் மையத்திலிருந்து ஒரு சான்றிதழ் வந்தது. எட்டு முகாம்களில் தொடர்ந்து ஒரு பிழைகூட இல்லாத முகாம் நாங்கள்தானாம். சமையல்கூடத்தில் கேசரி கிண்டினார்கள். பூமியிலிருந்து வந்த கேசரிப் பவுடரில் கடைசிப் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டார்கள். தங்கவேல் தட்டை மகிழிடம் நீட்டி, "பாரு கண்ணு, எப்படிச் செவசெவன்னு இருக்குது," என்றார்.

"இனிப்பா இருக்கு," என்றாள் மகிழ்.

அதே வாரம் கப்பல் வந்தது. இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கப்பல். தங்கவேல் புதிய தண்ணீர் வடிகட்டிக்காக மூன்று நாள் அலுவலக வாசலிலேயே கிடந்துவிட்டு, வெறுங்கையோடு வந்தார்.

"ஏனுங்க, வடிகட்டி வந்துருச்சுங்களா?"

"இந்தத் தடவையும் நமக்கு இல்லையாமா. மத்த முகாமுக்கெல்லாம் போவுது. நமக்கு அவசரம் இல்லைனு எழுதியிருக்கறாங்க." தொப்பியைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். "எவன் எதை வெச்சு அவசரம் இல்லைங்கறானோ! பழைய வடிகட்டியவே அலசி அலசிப் போட்டுட்டு இருக்கறேன்."

எந்த நல்லதும் நமக்கு வராது என்று நானும் சேர்ந்து திட்டினேன். தட்டில் மிச்சமிருந்த கேசரியை அவருக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பார்க்கக் கூடாததை எல்லாம் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன். தக்காளி வளர்க்கும் தட்டில் பழம் பறித்து வரச் சொன்னால் மகிழ் காயும் பழமுமாகப் பறித்து வந்தாள். "வெளிய மண்ணெல்லாம் ஏம்மா அழுக்காயிடுச்சு?" என்று ஒருநாள் ஜன்னலருகே நின்று கேட்டாள். அவளோடு படிக்கும் கவினும் அதையே கேட்டான். பிறகு நீலத்துக்கும் கீறல் போட வேண்டியிருந்தது. போன மாதம் மஞ்சளுக்கும் போட்டேன். சூரியனைத் தீட்ட மஞ்சளைத் தடவித் தேடுகிற பிள்ளைக்கு ஏதோ பெரிய நோய் என்று தெரியாத அளவுக்கு நான் மடச்சி அல்ல. ஆனால் என் பிள்ளை என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள், ஷெரின் எங்கே என்று அவள் அப்பனுக்கே தெரியாது. இந்த ஒரு கணக்கிலேயே நான் நின்றுவிட்டேன்.

மையத்திலிருந்து டாக்டர் நஸ்ரீன் வந்தது சென்ற வியாழக்கிழமை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் பைனாகுலர் போன்ற ஒரு சின்னக் கருவி. வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களைப் பாக்கத்தான் நாலு நாள் வண்டியில வந்தேன், டீச்சர். மத்த ஏழு முகாம்லயும் பிள்ளைங்களுக்கு நோய் வந்திருக்கு. உங்க முகாம்ல மட்டும் இருபது மாசமா ஒண்ணுகூட இல்ல. உங்க தண்ணில, சாப்பாட்டுல என்ன வித்தியாசம்னு கண்டுபிடிச்சா மத்த பிள்ளைங்களையும் காப்பாத்திடலாம்."

அவர் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஜன்னலருகே உட்காரவைத்துக் கருவி வழியாகக் கண்ணைப் பார்க்கத் தொடங்கினார். முதல் பிள்ளையோடு சிரித்துப் பேசினார். நான்காவது பிள்ளையில் சிரிப்பு நின்றது. மகிழ் ஏழாவது. பதினோரு பேரையும் பார்த்து முடித்துவிட்டுக் கருவியைத் துடைத்தார், முதலிலிருந்து மறுபடியும் பார்த்தார். பிறகு பிள்ளைகளைக் கீழே விளையாட அனுப்பிவிட்டு, அவர்களுடைய குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர்க் குடத்தோடு வந்த தங்கவேலும் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஒம்பது பேருக்கு நோய் இருக்கு," என்றார் டாக்டர். "புதுசு இல்ல. ரொம்ப நாளா. ஆனா தாள்ல எல்லாரும் நூத்துக்கு நூறு. எப்படி டீச்சர்?"

நான் மகிழின் பெட்டியைத் திறந்து சிவப்புக் கிரேயானை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் அடிப்பக்கம் போனதும் நின்றது. அடுத்த கிரேயானை எடுத்தார். அதற்கும் அடுத்ததை எடுத்தார். மஞ்சளைத் தடவிப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"மஞ்சளுக்குமா?" என்றார்.

"போன மாசம்தான்," என்றேன். ஏதோ சலுகை கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "இந்த மண்ணுல ஒரு உப்பு இருக்கு. வடிகட்டி பழசானா தண்ணில இறங்கிடும். பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வளர்ற பிள்ளைங்களோட கண் நரம்பைத் தின்னும். முதல்ல சிவப்பு போகும், அப்புறம் பச்சை, கடைசியில நீலமும் மஞ்சளும். அதுக்கப்புறம் வெளிச்சமே போயிடும். ஆறு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சா ஊசி போட்டு, சுத்தமான தண்ணி குடுத்துக் காப்பாத்திடலாம். கண்ணைப் பாக்கற கருவி மொத்தமே ரெண்டுதான் இருக்கு. அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட என்ன தெரியுதுன்னு கேட்டா, நாம எதைக் கேட்டா சந்தோஷப்படுவோமோ அதைச் சொல்லும். அதான் வண்ணம் தீட்ட வெச்சோம்."

"இதை எங்ககிட்ட ஏங்க சொல்லல?" என்று கேட்டேன்.

"சோதனைன்னு தெரிஞ்சா யாராவது சொல்லிக் குடுத்துடுவாங்கன்னு மேல பயந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அழுகைக்குப் பதிலாக அது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"கூட்டிட்டுப் போன பிள்ளைங்க?" என்றார் தங்கவேல்.

"மூணு பேரும் நல்லா இருக்காங்க. கண்ணு சரியாயிடுச்சு. திரும்ப அனுப்பினா இதே தண்ணியத்தானே குடிப்பாங்க? அதனால அங்கயே படிக்கறாங்க. மாசா மாசம் லெட்டர் எழுதறாங்க. இந்தப் பக்கத்துக்கு இருக்கற ஒரே தகவல் லைன்ல உங்க தாளெல்லாம் வர்றதுக்கே இடம் பத்தல. லெட்டர் அப்புறம் போகட்டும்னு நிறுத்தி வெச்சிருக்காங்க."

நான் அனுப்பிய பொய்த் தாள்கள் அடைத்த வழியில்தான் ஷெரினின் கடிதங்கள் காத்துக் கிடந்திருக்கின்றன.

தங்கவேல் இன்னும் குடத்தை இறக்கி வைக்கவில்லை. "கப்பல்ல வந்த வடிகட்டி எங்களுக்கு ஏன் தரல?" என்று கேட்டார். அவர் குரல் அவர் குரலாக இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். "எந்த முகாம் தாள்ல தப்பு அதிகமோ அங்க முதல்ல அனுப்பினோம். உங்க முகாம்ல தப்பே இல்ல. உங்க பழைய வடிகட்டியே நல்லா இருக்குன்னு நெனச்சோம். முதல் மூணு பேரோட நின்னுடுச்சேன்னு சந்தோஷப்பட்டோம்."

அவர் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நான் கீற ஆரம்பித்தபோது நோய் மகிழுக்கும் இன்னும் ஒன்றிரண்டு பேருக்கும் மட்டும் இருந்திருக்கும். மற்ற பிள்ளைகளுக்கு அதை வரவழைத்தது என்னுடைய நூற்றுக்கு நூறு.

"ஒம்பது தடவை எழுதிக் கேட்டேன் செல்வி," என்றார் தங்கவேல். குடத்தை எடுத்துக்கொண்டு போய், அதிலிருந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வெறும் குடத்தோடு அங்கேயே நின்றார். வேறு தண்ணீர் முகாமில் கிடையாது.

"மகிழுக்கு?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது டீச்சர். நரம்பு செத்துப் போச்சு. இன்னும் ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை வருஷம் வெளிச்சம் தெரியும்." என் கையைத் தொடப் போனவர் தொடவில்லை. "நோய் வராத ரெண்டு பேரை நான் கூட்டிட்டுப் போறேன். மத்தவங்களுக்கு அங்க செய்ய எதுவும் இல்ல. அடுத்த கப்பலுக்கு ஒரு வருஷம் இருக்கு. வடிகட்டிக்கு எழுதறேன்."

ஜெபராஜ் அன்று மாலை சுரங்கத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு ஓடிவந்தார். டாக்டர் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் கொடுத்தார். ஷெரின் அனுப்பியது. சூரியனும் எட்டுக் கோள்களும். கோட்டுக்கு வெளியே கண்டபடி போயிருந்தாள். சூரியனைச் சுற்றி ஆரஞ்சில் தீ, சனி வளையத்தில் ஏழெட்டு நிறம். செவ்வாயை மட்டும் இரண்டு மூன்று சிவப்புகளைக் கலந்து தீட்டியிருந்தாள். அதன் நடுவே ஒரு குட்டிப் புள்ளி வைத்து, 'அப்பா' என்று எழுதியிருந்தாள்.

ஜெபராஜ் அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். இரண்டு வருடத்துச் சந்தோஷம் ஒரேயடியாக வந்த மாதிரி இருந்தது. பிறகு டாக்டர் மற்றதையும் சொன்னார். அவர் அழுகை பாதியில் நின்றது. மேசைமேல் கிடந்த அந்தச் சின்னக் கத்தியைப் பார்த்தார்.

"அத நாந்தானே செஞ்சேன் டீச்சர்," என்றார். "நாந்தானே செஞ்சு தந்தேன்."

இரண்டு பேர் சேர்ந்து சுமந்தாலும் எடை குறைகிற பாரம் இல்லை அது.

மறுநாள் காலையில் டாக்டர் கிளம்பத் தயாரானார். ஷெரின் படித்த வகுப்பில் ஒருநாளாவது அந்தப் படம் இருக்கட்டும் என்று ஜெபராஜ் தாளை என்னிடம் தந்துவிட்டு வாசலில் நின்றார். நான் அதை மேசைமேல் விரித்துவைத்தேன். பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"ஷெரின் போட்டது," என்றேன்.

மகிழ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு தாளைத் தொட்டு, சூரியனிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கோளாக விரலால் தடவிக்கொண்டே போனாள். தாளின் விளிம்பை, பின்பக்கத்தை எல்லாம் தடவினாள். மற்ற பிள்ளைகளும் அப்படியே தடவினார்கள்.

"மிஸ், அவளுக்கு யார் கீறி வெச்சுக் குடுத்தா?"

"யாரும் கீறல சாமி."

"யாருமேவா?"

"யாருமே."

மகிழ் அதை நம்ப முடியாமல் என் முகத்துப் பக்கம் நிமிர்ந்தாள். "அப்போ அங்க டீச்சரே இல்லையாம்மா? பாவம்மா அவ."

தன் பெட்டியைத் திறந்து கிரேயான்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். ஒற்றைக் கீறல் விரலில் பட்டதும் அதை உருவி எடுத்து, "ஷெரின்கிட்ட குடுத்துடுங்க" என்று டாக்டரின் கையில் வைத்தாள்.

சரியாகத்தான் எடுத்திருந்தாள்.